நாற்காலி இருந்த இடத்தில் பேட்டரி

நவம்பர் 5

டெல்மர்,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். பியூப்லோவுல உன் தங்கச்சி வீட்டு மாடியில உக்காந்திருக்கே. சுவத்துல பிளக்கைச் சொருகினா கரண்டு வருது, குழாயைத் திறந்தா வெந்நீர் வருது. உனக்கென்ன கேடு. கரண்டு கம்பெனிக்காரன் கம்பியே வேணாம், சூரியன் போதும்னு பன்னிரண்டு வருஷம் ஊரைக் கூட்டிப் பேசின மனுஷன், கடைசியில மாசாமாசம் பில்லு வர்ற வீட்டுல போய் விழுந்தே. பக்கத்து நிலத்து யூசேபியோ கிட்டச் சொன்னேன். காபி மூக்குல ஏறுற அளவுக்குச் சிரிச்சான்.

"நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்தா என் ஆபீஸ் தாங்காது, எதுவானாலும் எழுத்துல வெச்சுக்குங்க"ன்னு வக்கீலம்மா சொன்னதால இதை எழுதறேன். உன் போன் நம்பரை நான் எப்பவோ அழிச்சாச்சு. இந்த மேட்டுல சிக்னலும் கிடையாது. அதனால கடுதாசி.

எனக்கு வேண்டியது ஒண்ணுதான். ஷெட்டுச் சுவத்துல மாட்டியிருக்கியே இன்வெர்ட்டர் பெட்டி, அதோட செட்டிங்ஸுக்குள்ள போகணும்னா நாலு இலக்க நம்பர் கேக்குது. அந்த நம்பரை எழுதி அனுப்பு. வேற ஒரு வரியும் வேணாம்.

எதுக்குன்னு கேப்பே. உன் எட்டு ஆசிட் பேட்டரியையும் தூக்கிட்டேன். செத்துப் போச்சு டெல்மர், எட்டும் செத்துப் போச்சு, நீதான் ஒத்துக்கல. பன்னிரண்டு வருஷம் அதுங்களுக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தினே, எனக்கு ஒரு டம்ளர் காபி ஊத்தித் தந்ததில்லை. இப்போ லித்தியம் பேட்டரி வாங்கி வெச்சிருக்கேன். ஒண்ணே ஒண்ணு. தண்ணி கேக்காது, நாறாது. ஆனா உன் பெட்டி இன்னும் பழசுங்கதான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. மாசத்துல முதல் ஞாயிறு ஆசிட் பேட்டரியைக் கொதிக்க வெப்பியே, ஷெட்டெல்லாம் அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே, அது அந்தப் பெட்டிக்குள்ள தானா நடக்கற மாதிரி போட்டு வெச்சிருக்கே. போன ஞாயிறு மதியம் அது ஆரம்பிச்சுது. லித்தியத்துக்கு அந்த வோல்டேஜ் ஆகாது. உள்ள இருக்கற காவல் சர்க்யூட்டு டபக்குனு கதவைச் சாத்திடுச்சு. வெளில வெயில் கொளுத்துது, பேட்டரி நிறைஞ்சு கிடக்கு, வீட்டுல ஃபிரிட்ஜும் பம்பும் ராத்திரி வரைக்கும் நின்னு போச்சு.

பெட்டி செஞ்ச கம்பெனிக்கு தீவனக் கடை போன்ல இருந்து பேசினேன். பாட்டு போட்டு பாட்டு போட்டுக் கேக்க வெச்சுட்டு, "யார் மாட்டினாங்களோ அவங்களைக் கேளுங்க"ன்னு வெச்சுட்டான். மாட்டினவன் நீ. பூட்டு போடாம உனக்குத் தூக்கம் வராதே. "என் செட்டிங்ஸை எவனும் தொடக் கூடாது"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பே.

விவாகரத்து ஒப்பந்தம் உனக்கு ஞாபகம் இருக்கும், எழுத வெச்சவனே நீதானே. ஏப்ரல் ஒண்ணு வரைக்கும் நான் இங்கேயே குடியிருந்தா வீடும் நிலமும் எனக்கு. நடுவுல முடியலைன்னு டவுனுக்கு இறங்கினா வித்துடணும். "பேட்டரிக்குத் தண்ணி ஊத்தத் தெரியாதவ ஒரு குளிர்காலம் தாங்குவாளா"ன்னு வக்கீலம்மா எதிர்ல பல்லைக் காட்டினே. தாங்குவேன். நம்பரை அனுப்பு.

ராமோனா

*

நவம்பர் 17

மேட்டு நிலத்து மகாராணி ராமோனா அவர்களின் மேலான கவனத்திற்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தபால்தலையை வழக்கம்போலத் தலைகீழாக ஒட்டியிருந்தீர்கள். தபால்காரர் என்னைப் பார்த்து அனுதாபப்பட்டார்.

எட்டு பேட்டரிகளும் செத்துவிட்டன என்று மரணச் சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். தங்களுக்கு இந்தத் துறையில் இருக்கும் அனுபவம் உலகம் அறிந்தது. அவற்றைப் பராமரிக்கத் தெரிந்தவன் கையில் இன்னும் ஐந்து வருஷம் ஓடியிருக்கும். யூசேபியோ அவற்றைத் தன் மாட்டு வேலிக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருக்கிறான் என்று அவனே எனக்கு எழுதினான். செத்த பேட்டரியில் எப்படி ஐயா வேலி ஓடுகிறது? மாடுகளைத்தான் கேட்க வேண்டும்.

புதிய லித்தியத்திற்கு என் வாழ்த்துக்கள். தண்ணீர் கேட்காது, நாற்றம் இல்லை என்று பெருமைப்பட்டிருக்கிறீர்கள். பேசவும் பேசாது. தங்களுக்கு ஏற்ற துணை கடைசியில் கிடைத்துவிட்டது.

நம்பர் கேட்டிருக்கிறீர்கள். தர மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் "டெல்மர் மனசுல என்ன ஓடுதுன்னு அவன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்று தாங்கள் என் தங்கச்சியிடமும், யூசேபியோவிடமும், தேவாலயத்துக் கூட்டத்திலும், கடைசியாக வக்கீலம்மாவிடமும் சொன்னீர்கள். நாலே நாலு இலக்கம். எட்டிப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதானே.

மூன்று முறை தவறாகப் போட்டால் பெட்டி ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்ளும். தங்களிடம் நேரத்திற்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் வரை இருக்கிறது.

முடியவில்லை என்றால் கீழே இறங்கிவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. நான் இறங்கவில்லையா?

தங்கள் முன்னாள் எலக்ட்ரீஷியன்,
டெல்மர்

*

டிசம்பர் 8

டெல்மர்,

உன் கடுதாசியை அடுப்புல போட்டேன். நல்லா எரிஞ்சுது. நீ எழுதினதுல உருப்படியா ஆன காரியம் அதுதான்.

கெஞ்ச மாட்டேன்னு முடிவு பண்ணி நானே போட்டுப் பார்த்தேன். முதல்ல கல்யாண நாள், ஜூன் பதினாறு. நீ அதை ஞாபகம் வெச்சிருப்பேன்னு நினைச்ச என்னைத்தான் செருப்பால அடிக்கணும். தப்புன்னுச்சு. அப்புறம் உன் டிரக்கு வாங்கின வருஷம். அதைத் தொடைச்ச அளவுக்கு நீ வேற எதையும் தொடைச்சதில்லை. அதுவும் தப்பு. மூணாவது, உங்க அம்மா வீட்டுக் கதவு நம்பர், எண்பத்தஞ்சுல ஆரம்பிக்குமே அது. பூட்டிக்கிச்சு. உன்னை மாதிரியே வளர்த்திருக்கே அந்தப் பெட்டியை. மூணு கேள்வி கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குது.

ஒரு மணி நேரம் கழிச்சு மறுபடி போனேன். நீ பெரிய மானைச் சுட்ட நாள், உன் பிறந்த வருஷம், என் பிறந்த வருஷம். என்னோடதைப் போடும்போது எனக்கே சிரிப்பு வந்துச்சு. அதுக்கப்புறமும் விடலை, தினம் சாயங்காலம் போய் மூணு நம்பர் போட்டுட்டு வர்றேன். ஒரு மனுஷனோட பன்னிரண்டு வருஷம் இருந்தவளுக்கு அவன் எதைப் பெருசா நினைச்சான்னு ஒரு நாலு இலக்கம் தோணலை பாரு. அது என் குத்தம் இல்லை. நீ எதைத்தான் வெளில காட்டினே.

ஆனா ஒண்ணு, உன் கொதிக்க வெக்கிற வித்தையை முறியடிச்சாச்சு. நேத்து முதல் ஞாயிறு. விடிஞ்சதும் ஷெட்டுக்குப் போய் பேனல்ல இருந்து வர்ற ஸ்விட்சை இறக்கிட்டேன். சூரியன் வந்து தட்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு, பெட்டிக்கு ஒண்ணும் போய்ச் சேரலை. நாள் கழிஞ்சதும் ஏத்திட்டேன். முதல் ஞாயிறு ஒண்ணும் நடக்கலை, வீடு இடிஞ்சு விழலை, உன்னைக் கூப்பிடவும் இல்லை.

ஆனாலும் ஒவ்வொரு மாசமும் இப்படியே ஏமாத்திக்கிட்டிருக்க முடியாது. தினசரி சார்ஜும் பழைய கணக்குலதான் ஏறுது. நம்பரை அனுப்பு. பெரிய மனுஷத்தனம் உனக்கு வராதுன்னு தெரியும், சும்மா நடிச்சாவது காட்டு.

ராமோனா

*

டிசம்பர் 19

மகாராணி அவர்களுக்கு,

நம் கல்யாண நாள் ஜூன் பதினாலு.

பதினாறு என்று எழுதியிருக்கிறீர்கள். போட்டும் பார்த்திருக்கிறீர்கள். நான் ஞாபகம் வைத்திருக்க மாட்டேன் என்று சொல்லி, அதற்காகச் செருப்பைத் தேடி, கடைசியில் தேதியைத் தாங்களே தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியைக் கத்தரித்து என் பர்ஸில் வைத்துக்கொண்டிருக்கிறேன். மனது சரியில்லாத நாளில் எடுத்துப் படிக்கிறேன்.

மற்றவற்றையும் பார்ப்போம். டிரக்கைத் துடைத்தேன், உண்மை. அது என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடாது. என் அம்மா வீட்டுக் கதவு நம்பரும் தப்பு, அது ஐம்பத்தெட்டில் ஆரம்பிக்கும். பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்கு அந்தக் கதவைத் தட்டி உள்ளே போய் என் அம்மா செய்த பச்சை மிளகாய்ச் சாற்றைக் குறை சொல்லிவிட்டு வந்தீர்கள். ஒரு தடவை நிமிர்ந்து கதவைப் பார்த்திருக்கலாம்.

ஸ்விட்சை இறக்கியது நல்ல யோசனை. யூசேபியோ சொல்லிக் கொடுத்திருப்பான்.

பேட்டரியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை.

டெல்மர்

*

ஜனவரி 13

டெல்மர்,

யோசனை என்னோடது. யூசேபியோவுக்கு ஸ்விட்சு எங்க இருக்குன்னே தெரியாது.

பேட்டரியை எங்க வெச்சிருக்கேன்னு கேக்கறே. பேட்டரி எங்க இருக்குமோ அங்க, ஷெட்டுல. மனுஷன் தூங்கற கூரைக்குக் கீழே பேட்டரி வரக்கூடாதுன்னு சட்டம் போட்டவன் நீ. எங்க அக்கா ஒரு தடவை டார்ச் பேட்டரியைச் சாப்பாட்டு மேஜையில வெச்சதுக்கே அவளுக்கு வகுப்பு எடுத்தே. இந்த வீட்டுல நீ போட்ட சட்டத்துலயே நான் மீறாதது அது ஒண்ணுதான்.

இப்போ சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கோ. வீட்டுல கரண்டு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பனி விடலை. நாலஞ்சு நாள் சூரியனே தலை காட்டலை, பேட்டரி இறங்கிக்கிட்டே போச்சு. சரி, வெயில் வந்தா ஏறிடும்னு சும்மா இருந்தேன். வெயில் வந்துச்சு. வானம் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு, பேனல்ல இருந்த பனியை எல்லாம் துடைப்பத்தால தள்ளிட்டு ஷெட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தா, சார்ஜ் பூஜ்யம். ஒரு பொட்டுக்கூட ஏறலை. மறுநாளும் பூஜ்யம். அன்னிக்கு ராத்திரி மொத்தமா அடங்கிடுச்சு. பகல்ல வெயில் பட்டா பெட்டித் திரை மட்டும் முழிச்சுக்கிட்டு என்னைப் பார்த்து நம்பர் கேக்குது. வேற எதுவும் கேக்கத் தெரியாது அதுக்கு.

பம்பு ஓடாததால பனியை உருக்கிக் குடிக்கிறேன். ஃபிரிட்ஜ் கவலை இல்லை, உலகமே ஃபிரிட்ஜாத்தான் இருக்கு. கோழிங்களோட விளக்கு போனதால ரெண்டையும் வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டேன். ஒண்ணு உன் நாற்காலியில உக்காந்து முட்டை போடுது. அந்த நாற்காலியில நடந்த வேலையிலேயே உருப்படியான வேலை.

யூசேபியோ டிராக்டர்ல வந்து, "என்னோட வந்துடு ராமோனா, என் பொண்டாட்டி படுக்கை போட்டு வெச்சிருக்கா"ன்னு நிக்கிறான். வரலைன்னுட்டேன். ஒரு ராத்திரி இறங்கினாலும் அந்தப் பேப்பரைத் தூக்கிக்கிட்டு நீ வக்கீலம்மா வாசல்ல நிப்பே. இந்த வீட்டுச் சுவத்துல பாதியை நான் கையால மண் குழைச்சு அப்பினேன். நீ அளவு நாடாவைக் கையில வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்தே. இதை விட்டுட்டு எந்த ஊர்ல எந்த மாடிக்குப் போவேன்.

விறகு இருக்கு. பீன்ஸ் இருக்கு. ஆனா பயமா இருக்கு டெல்மர். எழுதிட்டேன், இதையும் கத்தரிச்சு பர்ஸ்ல வெச்சுக்கோ. சார்ஜ் ஏறாதது உன் பழைய செட்டிங்ஸாலதான்னு நினைக்கிறேன். அந்த நம்பரைக் குடுத்துத் தொலை. யூசேபியோ இதை டவுனுக்கு எடுத்துட்டுப் போறேங்கறான்.

ராமோனா

*

ஜனவரி 16, வண்டியிலிருந்து

ராமோனா,

இதைப் படிச்ச உடனே செய்.

பேட்டரி சாகலை. உறையற குளிர்ல லித்தியம் சார்ஜ் வாங்காது, வாங்கினா கெட்டுடும், அதனால அதுக்குள்ள இருக்கற காவல் சர்க்யூட்டே கதவைச் சாத்தி வெச்சிருக்கு. செட்டிங்ஸ் எல்லாம் அப்புறம். முதல்ல அதை வீட்டுக்குள்ள கொண்டு வா. நான் போட்ட சட்டம் ஆசிட் பேட்டரிக்கு, அதுதான் கொதிக்கும்போது வாயு விடும். இது விடாது. தனியாத் தூக்காதே, உன் இடுப்பு தாங்காது. யூசேபியோவைக் கூப்பிடு.

என் நாற்காலி இருக்கற இடத்துல வை. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இன்வெர்ட்டர். காலண்டருக்குக் கீழே சுவத்துல உருண்டையா ஒரு மரக்கட்டை அடிச்சிருப்பேன், அதைப் பிடுங்கினா ஷெட்டுக்குள்ள ஓட்டை போகும். முதல் வருஷம் அடுப்பு ஃபேனுக்கு ஒயர் இழுக்கப் போட்டது. கேபிள் நல்லாவே நுழையும். கழட்டறதுக்கு முன்னாடி எல்லா ஸ்விட்சையும் இறக்கு, பேனல் ஸ்விட்சையும் சேர்த்து. சிவப்புல சிவப்பு, கறுப்புல கறுப்பு. அடுப்புல இருந்து ரெண்டு கை தள்ளியே இருக்கட்டும். அவசரப்படாதே, ஒரு பகல் ஒரு ராத்திரி அப்படியே கிடந்து உள்ளுக்குள்ள சூடாகட்டும். அப்புறம் அது மேல இருக்கற பட்டனை விளக்கு எரியற வரைக்கும் அமுக்கிப் பிடி.

வெயில் ஏறினதும் பேனல் ஸ்விட்சை ஏத்து. திரை நம்பர் கேக்கும். நாலு சைபர். நான் நம்பர் எதுவும் போடலை. பெட்டி வாங்கும்போதே அப்படித்தான் வந்துச்சு.

உள்ள போனதும் பேட்டரி வகைன்னு இருக்கற இடத்துல லித்தியம் போடு. சார்ஜ் வோல்டேஜ் 28.4, நிறைஞ்ச அப்புறம் நிக்கறதுக்கு 27. கொதிக்க வெக்கறதை நிறுத்து. குளிருக்கு ஏத்த மாதிரி வோல்டேஜைக் கூட்டறதுன்னு ஒண்ணு இருக்கும், அதையும் பூஜ்யமாக்கு, ஆசிட்டுக்குத்தான் அது. சேமின்னு வர்ற வரைக்கும் பட்டனை அமுக்கு. பாதியில வெளில வந்துடாதே, எல்லாம் பழசுக்குப் போயிடும்.

கை விறைக்குது. எழுத்து புரியும்னு நினைக்கிறேன்.

டெ.

*

ஜனவரி 21

டெல்மர்,

எரியுது. வீடு முழுக்க எரியுது. பட்டப்பகல்ல எல்லா லைட்டையும் போட்டு வெச்சிருக்கேன், உன்னை எரிச்சலாக்க. நீ பின்னாலயே வந்து ஒவ்வொண்ணா அணைப்பியே, அதுக்காக.

யூசேபியோவும் நானும் தீவனச் சாக்கை விரிச்சு அது மேல பேட்டரியை வெச்சுப் பனியில இழுத்துக்கிட்டு வந்தோம். உன் நாற்காலியை நகர்த்தினேன். அடியில காணாமப் போன உன் ஸ்க்ரூடிரைவர் மூணு, என் கத்தரிக்கோல் ஒண்ணு, ஒரு படி சூரியகாந்தி விதைத் தோல். அந்தக் கத்தரிக்கோலை நான் எடுத்து ஒளிச்சு வெச்சேன்னு ஒரு வாரம் பேசாம இருந்தே, ஞாபகம் இருக்கா. இருக்காது.

நீ சொன்ன மாதிரியே ஒரு பகல் ஒரு ராத்திரி விட்டேன். காலையில பட்டனை அமுக்கினேன், பச்சை விளக்கு வந்துச்சு. ஷெட்டுக்குப் போய் நாலு சைபர் போட்டேன். திறந்துச்சு. நீ எழுதினபடி ஒவ்வொண்ணா மாத்திட்டு நிமிர்ந்து பார்த்தா சார்ஜ் ஏறுது. நான் அப்படியே தரையில உக்காந்து அழுதேன். பின்னாலயே வந்த கோழி வேடிக்கை பார்த்துச்சு. இதையும் சொல்லிடறேன், அப்புறம் நீயா கற்பனை பண்ணிக்குவே.

இப்போ உன் விஷயத்துக்கு வர்றேன். நாலு சைபராம். பூட்டே இல்லாத பெட்டிக்கு முன்னால பன்னிரண்டு வருஷம் நின்னுக்கிட்டு "எவனும் தொடக் கூடாது"ன்னு அதிகாரம் பண்ணியிருக்கே. நான் என்னடான்னா ரெண்டு மாசமா உன் ஆத்தா வீட்டுக் கதவுல இருந்து உன் செத்துப் போன நாயோட வயசு வரைக்கும் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கேன். ஒரு வரியில எழுதியிருக்கலாம். ஏன் எழுதலை?

இன்னொண்ணு. உன் உறையில தபால் முத்திரை இல்லை. தபால்காரன் வர்ற நாளும் இல்லை அது. ரோட்டோரத் தபால் பெட்டியில இருந்து நம்ம கேட்டு வரைக்கும் உன் டிரக்கு டயர் தடம் இருந்துச்சு, கேட்டுக்கிட்ட பூட்ஸ் தடம் இருந்துச்சு, அப்புறம் வண்டி திரும்பின தடம். கணவாய்ல பனி கொட்டிக்கிட்டிருந்த அன்னிக்கு அதைத் தாண்டி வந்துட்டு, கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கற மைதானத்தைத் தாண்ட முடியலையா உனக்கு? புகைபோக்கியில புகை வர்றதைப் பார்த்துட்டு, இன்னும் சாகலைன்னு உறுதி பண்ணிக்கிட்டுப் போனியா?

கோழை.

ராமோனா

*

பிப்ரவரி 10

ராமோனா,

மகாராணி வேடம் எல்லாம் போதும். எழுதி எழுதி எனக்கே அலுத்துப் போச்சு.

புகையைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போனேன். கேட்டுல சங்கிலியை ரெண்டு சுத்து சுத்திக் கட்டிப் பூட்டி வெச்சிருந்தே. நான் இருந்தப்ப அந்தக் கேட்டுக்குச் சங்கிலியே கிடையாது. எனக்காகப் போட்டதுன்னு புரிஞ்சுது. மொத்தக் கடுதாசியிலயும் நீ திட்டினதை விட அந்தச் சங்கிலி தெளிவா இருந்துச்சு. ஏறிக் குதிக்கிற முட்டி இல்லை எனக்கு இப்போ. திரும்பிட்டேன். கோழைன்னு வெச்சுக்கோ, இதை விட மோசமான பேரெல்லாம் வெச்சிருக்கே.

ஏன் எழுதலைன்னு கேக்கறே. உனக்கு முடியாதுன்னு சொல்லித்தானே அந்த ஒப்பந்தத்தையே எழுத வெச்சேன். அந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருந்துச்சு? சமையல்ல உப்பு சரியில்லை, சுவரு கோணல், டிரக்கு சத்தம், எல்லாத்துக்கும் பேச்சு வாங்குவேன். அந்த ஷெட்டுக்குள்ள மட்டும் யாரும் என்னைக் கேள்வி கேக்கலை. மாசத்துல ஒரு ஞாயிறு என்னால வீட்டுல விளக்கு எரிஞ்சுது. நான் இல்லாமலும் அது எரியும், நாலு சைபர் போதும்னு என் கையாலயே எழுதிக் குடுக்கணுமா? உன் கடைசிக் கடுதாசி வந்ததும் அதெல்லாம் போச்சு. வண்டிச் சாவியைத்தான் தேடினேன்.

ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. பன்னிரண்டு வருஷமா அந்தப் பெட்டி சுவத்துல இருக்கு. நான் அதைப் பூட்டலை. பூட்டியிருக்கேன்னு நீயா முடிவு பண்ணிக்கிட்டே. ஒரே ஒரு நாள் ஷெட்டுக்குள்ள வந்து நின்னு, என்னடா பண்றேன்னு கேட்டு, திரையில தானா நிக்கற நாலு சைபர் மேல சும்மா ஓகே பட்டனை நாலு தடவை தட்டியிருந்தா திறந்திருக்கும். நீ அமுக்கிப் பார்க்கலை.

ஏப்ரல் பேப்பர்ல இப்பவே கையெழுத்துப் போட்டு வக்கீலம்மாகிட்டக் குடுத்துட்டேன். ஜெயிச்சுட்டே. வெளில போட்டிருந்தாலும் கோழி நாசம் பண்ணியிருந்தாலும் பரவாயில்லை, என் நாற்காலியை யூசேபியோகிட்டக் குடுத்து அனுப்பு. தங்கச்சி வீட்டு சோபா முதுகை ஒடிக்குது.

டெல்மர்

*

ஏப்ரல் 2

டெல்மர்,

வக்கீலம்மா பேப்பர் வந்துடுச்சு. வீடு என்னுது. நேத்து ராத்திரி வாசல்ல நின்னு சத்தமா சொல்லிப் பார்த்தேன், கேக்க யாரும் இல்லை.

பேட்டரி உன் இடத்துல நல்லா இருக்கு. வெயில் ஏறினா சார்ஜாகுது, நிறைஞ்சா தானா நிறுத்திக்குது. குறட்டை இல்லை, சாப்பாட்டுல குறை இல்லை. சாயங்காலம் அதும் பக்கத்துல உக்காந்து காபி குடிக்கிறேன். ஒண்ணும் பேசாது. உன்னோட இருந்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை, உண்மையைச் சொல்றேன்.

அமுக்கிப் பார்க்கலைன்னு எழுதியிருக்கே. அதைப் படிச்சுட்டு மூணு வாரம் உன் மேல கோவமா இருந்தேன். அதுல பாதி, நீ சொன்னது சரிங்கறதால. மீதிப் பாதி, கேட்டாத்தான் சொல்லுவேன்னு ஒரு மனுஷன் ஷெட்டுக்குள்ள காத்துக்கிட்டு உக்காந்திருந்தா, சமையக்கட்டுல இருக்கறவளுக்கு அது எப்படித் தெரியும்? அம்மாவாசைக்கு ஒரு வார்த்தை பௌர்ணமிக்கு ஒரு வார்த்தை பேசுவே. அதுல இதை எங்கேயாவது சொருகியிருக்கலாம்.

நாற்காலியை யூசேபியோகிட்டக் குடுக்க மாட்டேன். அவன் டிராக்டர்ல சாணி ஏத்தறான். நாற்காலி வராந்தாவுல இருக்கு, மேல தார்பாய் போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். நாற்காலி மேல அக்கறை இல்லை, பார்க்க அசிங்கமா இருந்துச்சு, அதான். கோழி போட்டதைக் கழுவிட்டேன். வேணும்னா நீயே வந்து எடுத்துக்கோ. வர்ற ஞாயிறு முதல் ஞாயிறு. கொதிக்க வெக்கறதுக்கு இங்க ஒண்ணும் இல்லை, பீன்ஸ் மட்டும் கொதிக்கும். சும்மா வந்து நிக்கப் பயமா இருந்தா, அதைச் சாப்பிட வந்தேன்னு சொல்லிக்கோ.

அப்புறம் அந்தச் சங்கிலி. யூசேபியோவோட மாடுங்க கேட்டை முட்டித் திறந்துக்கிட்டு உள்ள வருதுங்க. உன் செத்துப் போன பேட்டரி போட்ட வேலியை அதுங்க மதிக்கலை. அதுக்காக டிசம்பர்ல இருந்து ரெண்டு சுத்து சுத்தி வெச்சிருக்கேன். பனி மூடியிருந்தா கிட்ட நின்னு பார்த்தாலும் பூட்டின மாதிரித்தான் தெரியும். பூட்டு கிடையாது, கையை வெச்சு இழுத்தா வந்துடும்.

அன்னிக்கும் பூட்டலை டெல்மர். நீ இழுத்துப் பார்க்கலை.

ராமோனா